சிவில் படித்தவளுக்கு இந்த ஊரில் என்ன வேலை

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் போதும், என் அலுவலகத்துக்கு வீட்டுப் பிளான் போட வருகிறவர்களைவிடப் பிள்ளையைக் கையோடு அழைத்து வருகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். "மார்க்குக்கு சிவில்தான் கிடைக்கும்போல இருக்குக்கா, எடுக்கலாமா? படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?" என்பார்கள். பெண்பிள்ளையாக இருந்தால் கூடவே இன்னொன்றும் வரும். "வெயில்ல நிக்கணுமே, ஆம்பளைங்களோட சைட்ல நிக்கணுமே." திருவண்ணாமலையில் முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிற பெண் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவர்கள்கூடப் படியேறி வருகிறார்கள். அவசரமாக ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை.

என் அப்பா மேஸ்திரி. 1989 செப்டம்பர் 30-ஆம் தேதி வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தலைநகராக்கியபோது நான் பள்ளியில் இருந்தேன். அதுவரை பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் மட்டுமே நிரம்பிக்கொண்டிருந்த ஊருக்கு அலுவலகங்கள் வந்தன, அலுவலர்கள் வந்தார்கள், அவர்களுக்கு வாடகை வீடு வேண்டியிருந்தது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அப்போதுதான் ஊரிலேயே நிரந்தரமாக வேலை கிடைத்தது. அதற்கு முன் அப்பா வேலை தேடி வேலூருக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருந்தவர். ஒரு ஊர் மாவட்டத் தலைநகரானால் எத்தனை அடுப்பு எரியும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

அவரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் மணியாஸ் கட்டையும் போட்டு வைக்க ஒரு சாக்குப்பை இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போவார். சாமி கும்பிட்ட பிறகு ராஜகோபுரத்தடியில் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்வார். "கருங்கல் எங்க முடியுது, செங்கல் எங்க ஆரம்பிக்குது, சொல்லு பாப்பா." 217 அடி உயரம், பதினோரு நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த வேலை. கீழே நிற்கிற கருங்கல் உபபீடமும் சுவர்களும்தான் பாரத்தைத் தாங்குகின்றன. மேலே போகப் போகச் செங்கல், சுண்ணாம்பு, சுதைதான். ஒவ்வொரு நிலையும் முந்தியதைவிடக் குறுகும், உள்ளே கூடாகவும் இருக்கும். பாரத்தை மேலே குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பதை நான் பாடப்புத்தகத்தில் படிப்பதற்குப் பல வருடம் முன்பே அப்பா விரலை நீட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பாலிடெக்னிக்கில் பளுவைப் பற்றிய முதல் வகுப்பில் எனக்குப் புதிதாக இருந்தது அலகுகள் மட்டும்தான்.

வடக்குக் கோபுரத்தையும் காட்டுவார். 171 அடி. செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி, வீடு வீடாகப் போய்த் தண்டிய காசில் அரைகுறையாக நின்ற அந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்தார். கூலிக்கு அவர் திருநீறு கொடுத்ததாகவும், வேலையாட்கள் வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் அவரவர் உழைப்புக்கேற்ற காசாக அது மாறியிருந்ததாகவும் ஊரில் சொல்வார்கள். அப்பாவுக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு. "ஒரு பொம்பள மேல நின்னு இவ்ளோ பெரிய வேலைய வாங்கியிருக்காங்க பாரு. கூலிய ஒழுங்கா குடுத்திருக்காங்க, அதான் முடிஞ்சுது" என்பார். என்னை சிவில் டிப்ளமாவில் சேர்த்தபோது சித்தப்பா வீட்டில் எல்லோரும் மறுத்தார்கள். அப்பா அம்மணி அம்மாள் பெயரைத்தான் எடுத்தார்.

வேலூரில் பாலிடெக்னிக் படித்தபோது எங்கள் வகுப்பில் பெண்கள் ஒரு பெஞ்சுக்கு மேல் இல்லை. சர்வே பாடம் எடுத்த ஆசிரியர் பி.கே. த்ரேசியாவைப் பற்றிச் சொன்னார். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்று வெளிவந்த முதல் மூன்று பெண்களில் ஒருவர், சிவில் படித்தவர். 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். கூட வெளிவந்த லீலாம்மா ஜார்ஜும் சிவில்தான். லலிதா மட்டும் எலக்ட்ரிகல். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரி பெண்ணுக்குக் கதவைத் திறக்க அத்தனை காலம் பிடித்தது என்பதை அன்றைக்கு நான் நோட்டில் எழுதி வைத்தேன். இப்போது என்னிடம் வரும் பெண்பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இந்த மூன்று பெயர்களைத்தான்.

சென்னையில் முதல் வேலை ஒரு அடுக்குமாடிக் கட்டுமான சைட்டில். காலை ஏழு மணிக்குக் கம்பி கட்டியதைச் சரிபார்க்க வேண்டும்: எத்தனை எம்.எம்., எத்தனை இடைவெளி, கவர் பிளாக் வைத்தார்களா, லேப் எங்கே விழுகிறது. கான்கிரீட் போடும் நாளில் ஸ்லம்ப் பார்த்து, கியூப் எடுத்துத் தேதி எழுதி, தண்ணீரில் போட்டு, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்க்க அனுப்ப வேண்டும். சென்ட்ரிங் முட்டு ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்க்கப் பழகினேன். அந்த சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. சித்தாள் வேலைக்கு அத்தனை பெண்கள் வந்தும் இல்லை. காலையில் தண்ணீர் குடிக்காமலே வேலைக்கு வரப் பழகிக்கொண்டோம். அதன் விளைவை உடம்பு பல வருடம் சுமந்தது. இன்றைக்கு ஒரு பெண்பிள்ளை சைட் வேலைக்குச் சேரும்போது, சம்பளத்துக்கு முன்னால் கழிப்பறையைக் கேள் என்று சொல்கிறேன். வெயிலைவிட அதுதான் பெண்களை இந்தத் தொழிலிலிருந்து விரட்டியிருக்கிறது.

எங்களோடு படித்தவர்கள் போன திசைகளைச் சொன்னாலே பெற்றோர் கேட்கும் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். ஒருவன் துபாய்க்குப் போய் அளவுக் கணக்கில் தேர்ந்தான். கட்டடம் எழும்புவதற்கு முன்பே கம்பி எவ்வளவு, சிமென்ட் எவ்வளவு, காசு எவ்வளவு என்று சொல்லுகிற வேலை. ஒருத்தி பெங்களூரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் முப்பரிமாணக் கட்டட மாதிரி செய்கிறாள், கட்டடம் எழும்புவது வெளிநாட்டில். இருவர் ரயில்வேக்குப் போனார்கள். விழுப்புரம் – காட்பாடி மீட்டர் கேஜைப் பிராட்கேஜாக மாற்றி 2010-இல் மறுபடி ரயில் ஓடியபோது அவர்களில் ஒருவன் எங்களை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்த் தண்டவாளத்தைத் தன் வீட்டுத் திண்ணையைப்போலக் காட்டினான். இன்னொருவர் வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீட்டாளர். சிமென்ட் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர்.

அரசு வேலையைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பெற்றோர் மனதில் இருப்பது அதுதான். டி.என்.பி.எஸ்.சி. எழுதினால் பொதுப்பணி, நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி, 2021-இல் தனித்துறையான நீர்வளம், குடிநீர் வாரியம், நகராட்சி என்று பல கதவுகள். என் தோழி ஒன்றியத்தில் ஓவர்சீயராகச் சேர்ந்தாள். அவள் வேலையைச் சின்ன வேலை என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்ச ரூபாயில் 360 சதுர அடி வீடு. அந்தக் காசுக்குள் கடக்கால் ஆழம் குறையாமல், பெல்ட் விட்டுப்போகாமல், கூரை ஒழுகாமல் ஒரு குடும்பம் தலைமுறைக்கும் இருக்கிறாற்போல் கட்ட வைக்க வேண்டும். ஜவ்வாது மலைக் கிராமத்துக்கு ஜல்லி ஏற்றிப் போகும் வண்டிக்கூலி மட்டும் எஸ்டிமேட்டை எப்படித் தின்னும் என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அந்தக் கணக்கு எந்தப் பெரிய கம்பெனி மேலாளரின் கணக்குக்கும் குறைந்ததில்லை. ஆனால் படிப்பு முடித்த பிள்ளைகள் சைட்டையே பார்க்காமல் நான்கைந்து வருடம் பயிற்சி மையத்திலேயே உட்கார்ந்திருப்பது எனக்கு ஆறவில்லை. காலையில் சைட், இரவில் படிப்பு என்று இருந்தவர்கள்தான் தேர்வு பெற்ற பிறகும் நல்ல பொறியாளர்களாக இருக்கிறார்கள். தேர்வு கைகூடாவிட்டாலும் அவர்கள் கையில் தொழில் இருக்கிறது.

திருமணமாகி ஊருக்குத் திரும்பி, வேலையோடு வேலையாகப் பகுதிநேரத்தில் பி.இ. முடித்து, சொந்தமாகப் பலகை மாட்டினேன். பிளான் வரைவது, அனுமதி வாங்கித் தருவது, மேற்பார்வை பார்ப்பது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பதிவுபெற்ற பொறியாளரின் கையெழுத்துக்குப் பொறுப்பைக் கூட்டின. 2024 ஜூலையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்றிலேயே அனுமதி என்று வந்தது. பிளான் போடும் தொழில் இனி படுத்துவிடும் என்று பலர் பயந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காகிதத்தைச் சுமந்து அலைவது குறைந்தால் மண்ணைப் பார்க்க நேரம் கிடைக்கும். இந்த ஊரில் மண்ணைப் பார்க்காமல் எதையும் கட்டக் கூடாது. கிழக்கே ஒரு தெருவில் நான்கடியில் பாறை தட்டும். இன்னொரு தெருவில் பழைய ஏரி வண்டல், எவ்வளவு தோண்டினாலும் களி.

பழையதைப் பழுதுபார்ப்பதுதான் எனக்கு அதிகம் பிடித்த வேலை. மாட வீதிகளைச் சுற்றி நூறு வருடம் தாண்டிய சத்திரங்களும் மடங்களும் இருக்கின்றன. சுண்ணாம்புச் சுவரில் விரிசல் விட்டால் உடனே சிமென்ட் பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்னும், சில வருடத்தில் பூச்சோடு சுவரும் பெயர்ந்து வரும். ஒரு மடத்து வேலைக்காக, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த பெரியவரைத் தேடிப் பல ஊர் அலைந்தேன். கிடைத்தவர் எழுபதைத் தாண்டியவர். "எம் புள்ளைங்க யாரும் இத கத்துக்கலம்மா, நீ எழுதிக்க" என்று அளவுகளைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். கோயில் கல்லில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்துகளையே தேய்த்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. அறநிலையத் துறைக்குத் தனியே பொறியாளர்கள் உண்டு, ஸ்தபதிகள் உண்டு; 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் மரபுக் கட்டடக்கலைக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. சிவிலும் தெரிந்து சுண்ணாம்பும் தெரிந்த ஆட்கள்தான் போதவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் நடக்கிற கோயில்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. இந்த வேலை தீரவே தீராது.

பழைய கட்டடங்களில் ரமணாசிரமத்துக் கோசாலையைப் பார்க்கும்போது அண்ணாமலை சுவாமி நினைவுக்கு வருவார். கட்டுமானம் படிக்காத சாது. 1930-களில் ரமணர் தாளில் கோடு போட்டுக் கொடுக்க, அதை வைத்துக் கொத்தனார்களை மேய்த்துக் கோசாலையும் உணவுக்கூடமும் எழுப்பியவர். அன்றைக்கு ஒருவர் மலையடிவாரத்தில் அப்படிக் கட்ட முடிந்ததற்கு ஒரு காரணம், சுற்றிலும் வெற்றிடம் இருந்தது. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீருக்குப் போக வழி இருந்தது.

2024 டிசம்பர் முதல் தேதி. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு மழை எங்கள் மாவட்டத்தின் மேலேயே நின்றது. அன்று மாலை மலைச்சரிவில் பாறையும் சேறும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளே அதிகம். செய்தி கேட்டு ஓடிய கூட்டத்தில் நானும் இருந்தேன். போலீஸ் கயிறு கட்டித் தடுத்த இடத்தில் நின்று மேலே பார்த்தேன். பாறை மேல் மண், மண் மேல் மரம், அவற்றுக்கிடையே உருண்டைக் கற்கள். மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் நிரம்பி அழுத்தம் ஏறினால் மண்ணுக்கும் பாறைக்கும் உள்ள பிடி தளர்ந்துவிடும். எடையும் கூடும், பிடியும் குறையும். இதை டிப்ளமாவிலேயே படிக்கிறோம். 814 மீட்டர் உயர மலையின் காலடியில் ஒரு நகரத்தையே வைத்திருக்கிறோம், எந்தச் சரிவு எந்த மழையில் நழுவும் என்று சொல்ல ஒரு ஆள் இந்த ஊரில் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வல்லுநர்கள் வந்துதான் பார்த்தார்கள்.

மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். நான் பள்ளிச் சுற்றுலா போன அணை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1958-இல் முடித்தது, நீர்மட்டம் 119 அடி. அந்த வெள்ளத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த உயர்மட்டப் பாலம் அடித்துக்கொண்டு போனது. பாலம் கட்டும்போது எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளத்தைக் கணக்கில் எடுப்பது, தூணைச் சுற்றி ஆற்றுமண் எவ்வளவு ஆழம் அரித்துப் போகும் என்பதெல்லாம் தனிப் படிப்பு. மழையின் போக்கு மாறிவிட்ட நாளில் பழைய மழைக் கணக்கு போதாது. 2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அணைகளைக் கருவி வைத்துக் கண்காணிக்க, வெள்ளத்தை முன்கூட்டிக் கணிக்க ஆட்கள் வேண்டும். பெற்றோர் என்னிடம் கேட்கும் எந்தப் பட்டியலிலும் இந்த வேலைகள் இருப்பதில்லை.

அந்த டிசம்பருக்குப் பிறகு என் பதில் மாறிவிட்டது. புதிதாகக் கட்டுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மலைச் சரிவையும் ஓடையையும் அணையையும் பழைய சுவரையும் காப்பாற்றத் தெரிந்தவர்கள்தான் வேண்டும் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். சில தகப்பன்மார்கள் எழுந்து போய்விடுகிறார்கள். நான் மறுபடியும் சொல்கிறேன்.

என் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், இங்கேயே பி.இ. சிவில் முடித்தவள், வீடு வ.உ.சி. நகருக்கு இரண்டு தெரு தள்ளி. அவளுக்கு ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை உத்தரவு கையில் இருந்தது. நான் அவளிடம் மாதவி லதாவைப் பற்றிச் சொன்னேன். ஆந்திரத்தில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் மண்ணியல் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். ஜம்மு காஷ்மீரில் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கிற செனாப் ரயில் பாலத்துக்கு, இரு கரையின் பாறைச் சரிவுகளும் நழுவாமல் இருக்க 17 வருடம் ஆலோசகராக இருந்தார். 2025 ஜூன் 6-ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. "பாறைச் சரிவுன்னா நம்ம மலையும்தானே மேடம்?" என்று கேட்டாள். வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அவள் அம்மா என்னிடம் வந்து, "அக்கா, கைல இருக்கற வேலைய விடச் சொல்றீங்களே, நல்லா இருக்குதா?" என்று கேட்டார். விடச் சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே கேட் தேர்வு எழுதலாம், நல்ல ரேங்க் வந்தால் மேற்படிப்புக்கு உதவித்தொகையே கிடைக்கும், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று அந்த அம்மாவுக்கு உட்கார வைத்து எழுதிக் காட்டினேன். எத்தனை ஆயிரம் குறையும், எத்தனை வருடத்தில் ஈடாகும் என்பதையும் சேர்த்து எழுதினேன்.

இப்போது அவள் கிண்டியில் மண்ணியல், அடித்தளப் பொறியியலில் எம்.இ. சேர்ந்திருக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நானும் அவளும் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஓடையும் எங்கே தொடங்கி எந்தக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, இன்று எந்த வீட்டுக்கு அடியில், எந்தச் சாலைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கிறது என்று மட்டம் பார்த்துக் குறித்து வருகிறோம். வயதானவர்கள் திண்ணையிலிருந்து கையைக் காட்டி வழி சொல்கிறார்கள்: இங்க தண்ணி முழங்காலுக்கு ஓடும்மா, அந்தப் புளிய மரத்துக்குப் பக்கமா திரும்பும். கிழக்குச் சரிவு முடிந்துவிட்டது. பழைய கிராம வரைபடத்தில் ஓடை என்று இருப்பதையும் நாங்கள் அளந்ததையும் ஒரே தாளில் போட்டுக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் மாநகராட்சியிலும் வருவாய்த் துறையிலும் ஒவ்வொரு பிரதி கொடுப்போம். தெற்குச் சரிவுக்கு, வெயில் ஏறுவதற்குள் கோல் பிடிக்க ஆள் வேண்டும். பாலிடெக்னிக் இரண்டாம் வருடப் பிள்ளைகள் நாலைந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் பெண்கள்.